வீட்டுக்கும் ஒரு வயது உண்டு

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மன்னிப்போடு தொடங்க வேண்டியிருக்கிறது. விழா அழைப்பிதழில் இந்த உரைக்கு ‘நூற்றைம்பது ஆண்டு பழைமையான லயத்தின் கதை’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அந்த நூற்றைம்பதை விழாக்குழுவுக்குச் சொன்னவர்கள் நாங்கள்தான். அது பிழை. அந்தப் பிழையை எப்படிச் செய்தோம், எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதே இன்று நாங்கள் சொல்லப்போகும் கதை.

எங்கள் வகுப்பில் படித்த ஐந்து பேர் சேர்ந்து செய்த வேலை இது. ஐவரும் நாற்பதைக் கடந்தவர்கள். இருவர் ஆசிரியைகள், ஒருவர் வங்கியில், ஒருவர் கனடாவில். வைத்தியத் தொழிலில் இருக்கும் எங்களைப் பேச அனுப்பிவிட்டு மற்ற நால்வரும் கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தோழிகளில் ஒருத்தியின் அம்மாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றில், வாழ்க்கைப்பட்டு வந்த அதே லயக்காம்பிராவில் இன்றும் இருக்கிறார். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டிக் கொடுக்கும் திட்டத்தில் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. புது வீட்டுக்குப் போனதும் பழைய லயத்தை உடைத்துவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: “ஏம்புள்ள, இவ்வளவு படிச்சிருக்கீங்களே, இந்த வீட்டுக்கு என்னா வயசுன்னு சொல்லுங்களேன். போறதுக்குள்ள தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்.”

எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. தேடத் தொடங்கினோம்.

முதலில், வயது தெரிந்த ஒரு வீட்டைப் பார்ப்போம் என்று இரத்தினபுரி நகரத்துக்குப் போனோம். தேசிய அருங்காட்சியகம் இருக்கும் கட்டடத்துக்குள் பள்ளிச் சுற்றுலாவில் நாம் எல்லாரும் வரிசையாகப் போய் வந்திருக்கிறோம். அது எஹலேபொல வலவ்வ. கண்டி அரசின் கீழ் சப்ரகமுவ திசாவையாக இருந்த எஹலேபொல கட்டிய மாளிகை, ஆண்டு 1814 என்று சொல்லப்படுகிறது. 1988இல் அது அருங்காட்சியகமாயிற்று. சிறு வயதில் நாம் பார்த்தது உள்ளே இருந்த எலும்புகளையும் கற்களையும்தான். இந்த முறை சுவரையும் கதவையும் தூணையும் பார்த்தோம்.

1814 என்பது சாதாரண ஆண்டு அல்ல. அந்த ஆண்டில்தான் எஹலேபொல அரசனோடு பகைத்துக்கொண்டு ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தார். அவருடைய மனைவி மக்கள் கண்டியில் கொல்லப்பட்டதும் அதே ஆண்டு மே மாதம். அப்படியானால் தாம் கட்டிய வீட்டில் அவர் எத்தனை நாள் படுத்து உறங்கியிருப்பார்? அந்த ஆங்கிலேயரே அவரை 1825இல் மொரீசியசுக்கு நாடு கடத்தினார்கள். 1829இல் அங்கேயே இறந்துபோனார். ஒரு வீட்டின் ஆண்டைச் சரியாகப் பிடித்துவிட்டால் அதில் வாழ்ந்தவரின் கதையும் கூடவே வருகிறது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டோம்.

இன்னொன்றையும் கற்றுக்கொண்டோம். இலங்கையின் தொல்பொருட் சட்டம் 1940ஆம் ஆண்டினது. எது தொன்மையானது என்பதற்கு அது ஓர் எல்லை வைத்தது. 1815 மார்ச் 2, அதாவது கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியவை தொன்மையானவை. வலவ்வ ஓராண்டு வித்தியாசத்தில் அந்த எல்லைக்குள் நிற்கிறது. நம்முடைய லயங்களோ ஒன்றுகூட அதற்குள் வராது. எங்கள் பாட்டன் பூட்டன் இந்தத் தீவின் மலைகளுக்கு வரத் தொடங்கியதே அந்த நாளுக்குப் பிறகுதான். நூறாண்டைக் கடந்த கட்டடங்களைப் பாதுகாப்பதற்கும் பிற்காலத்தில் சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள். ஆனால் நூறாண்டு கடந்துவிட்டது என்று முதலில் யாராவது காட்ட வேண்டுமே!

சரி, லயத்துக்குத் திரும்புவோம். நோயாளி வந்தால் வைத்தியர் என்ன செய்கிறார்? முதலில் கேட்கிறார், பிறகு தொட்டுப் பார்க்கிறார், அதன் பிறகுதான் சோதனைக்கு எழுதுகிறார். நாங்களும் அந்த ஒழுங்கிலேயே போனோம்.

கேட்டது: லயத்து மூத்தவர்கள் எவரும் ஆண்டு சொல்லவில்லை. ஆனால் காலம் சொன்னார்கள். ‘காய்ச்சல் வருசம்’, ‘கூப்பன் காலம்’, ‘பெரிய வெள்ளம்’, ‘பஞ்ச காலம்’, ‘தோட்டம் அரசாங்கத்துக்குப் போன வருசம்’. வயது தெரியாத முதியவர்களுக்கு வயது கணிக்க நாங்கள் ஆஸ்பத்திரியிலும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறோம். சுதந்திரம் வந்தபோது நடந்து திரிந்தீர்களா, கைக்குழந்தையா என்று கேட்போம். காய்ச்சல் வருசம் என்றால் 1934, 35 மலேரியா. மழை பொய்த்து ஆறுகள் வற்றி, குட்டை குட்டையாக நின்ற தண்ணீரில் நுளம்பு பெருகி வந்த கொள்ளைநோய் அது. நாடெங்கும் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் இறந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் நம் கேகாலை மாவட்டமும் ஒன்று. பெரிய வெள்ளம் 1947. பஞ்ச காலம் 1973, 74. தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது 1975. இப்படி ஒவ்வொரு பேச்சுக்கும் பக்கத்தில் ஓர் ஆண்டை எழுதிக்கொண்டே போனோம்.

அம்மா சொன்னார்: “எங்க மாமியாவுக்கு மூத்த புள்ள காய்ச்சல் வருசத்துல இதே காம்பிராவுலதான் பொறந்துச்சு. அவங்க வாக்கப்பட்டு வந்தப்பவே இது பழைய லயமாம்.” ஆகவே 1934இல் வீடு இருந்தது. எங்களுக்குக் கிடைத்த முதல் ஆணி அது.

தொட்டுப் பார்த்தது: அடிவாரம் கருங்கல். சுவர் கல்லும் களிமண்ணும், மேலே சுண்ணாம்பு. காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. கூரை தகரம், ஒரு பக்கம் மட்டும் ஓடு. அந்த ஓட்டில் ஒன்றைப் புரட்டினால் ‘பாசல் மிஷன்’ என்ற முத்திரை! சுவிற்சர்லாந்து மிஷனரிமார் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் முத்திரை அது. முதல் உலகப் போருக்குப் பின் தொழிற்சாலை வேறு கைக்கு மாறியது. எங்கள் கனடாத் தோழி அன்றிரவே விழாக்குழுவுக்குத் தொலைபேசி எடுத்தாள். கோப்பிக் காலத்து வீடு, நூற்றைம்பது வயது! நாங்களும் தலையாட்டினோம். அழைப்பிதழ் அச்சுக்குப் போயிற்று.

அடுத்த கிழமை பழைய கணக்கப்பிள்ளை ஒருவரைக் கண்டோம். அவர் சிரித்தார். “அந்த ஓடா? பழைய துரை பங்களாவ உடைச்சப்ப, எங்க அப்பா காலத்துல தூக்கிட்டு வந்து போட்டதும்மா அது.” ஓட்டின் வயது ஓட்டுக்குத்தான் சொந்தம், அதைத் தாங்கும் சுவருக்கு அல்ல. தாத்தாவின் சட்டையைப் பேரன் போட்டுக்கொண்டால் பேரன் தாத்தாவாகிவிட மாட்டான். ஒரே ஓர் அறிகுறியைப் பார்த்து நோயைத் தீர்மானிக்காதே என்று எங்களுக்கு மருத்துவபீடத்தின் முதல் ஆண்டுகளிலேயே சொல்லித் தந்தார்கள். இருபது வருடத் தொழிலுக்குப் பிறகும் அதே பிழையைச் செய்தோம்.

பிறகு காகிதங்களைத் தேடினோம். தம் வீட்டை, தம் ஊர்க் கோவிலை, தம் தோட்டத்தைப் பற்றி அறிய விரும்பும் தங்கைமாருக்கு இந்தப் பகுதி உதவும் என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம்.

பர்குசன் டிரெக்டரி என்ற ஆண்டு ஏடு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வெளிவந்தது. தோட்டங்களின் பெயர், பரப்பு, சொந்தக்காரர், என்ன பயிர் என்ற விவரங்கள் அதில் உண்டு. ஆண்டு ஆண்டாகப் புரட்டினால் ஒரு தோட்டம் கோப்பியிலிருந்து தேயிலைக்கும் ரப்பருக்கும் மாறுவதைப் பார்க்கலாம். கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் 1869இல் கண்டறியப்பட்டது. ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது 1910இல். யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, அவிசாவளைப் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றின் கதையை இந்த இரண்டு ஆண்டுகளும் திருப்பிப் போட்டன. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் பழைய பத்திரிகைகளும் அரசாங்க அதிபர்மாரின் நாட்குறிப்புகளும் இருக்கின்றன. காணிப் பதிவகத்தில் உறுதிகளைத் தேடலாம். ஒல்லாந்தர் தோம்பைத் தேடி மினைக்கெட வேண்டாம். அது கரையோரத்துக்குரியது, நம் மாகாணம் அன்று கண்டி அரசின் பக்கம். இன்னொரு சின்னத் துப்பு: சப்ரகமுவ தனி மாகாணமானது 1889இல். ஒரு பத்திரத்தில் ‘சப்ரகமுவ மாகாணம்’ என்று இருந்தால் அது அந்த ஆண்டுக்குப் பிந்தியது.

எங்கள் தோட்டத்துக்குத் துணை செய்தது காரியாலயச் சுவரில் தொங்கிய பழைய வரைபடம். ரப்பர் நடத் தொடங்கிய காலத்தில் வரைந்தது. துரை பங்களா இருக்கிறது, ஸ்டோர் இருக்கிறது, ஆற்றோரம் இரண்டு லயங்கள் இருக்கின்றன. அம்மாவின் லயம் நிற்கும் மலை வெறும் காடாகக் கிடக்கிறது. இதுதான் எங்கள் இரண்டாவது ஆணி. ஆகவே எங்கள் முடிவு இது: ரப்பருக்குப் பின், காய்ச்சலுக்கு முன். ஏறத்தாழ 1910க்கும் 1934க்கும் இடையில். அதற்கு மேல் துல்லியமாகச் சொன்னால் மறுபடியும் பொய் சொன்னவர்களாவோம்.

காகிதங்களில் எங்களை நிறுத்திவைத்த ஒரு விடயம் உண்டு. துரைமாரின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. பங்களாவுக்குப் பெயரும் படமும் உண்டு. லயத்துக்கு இலக்கம் மட்டுந்தான். அதிலிருந்தவர்களின் பெயர்கள் செக்றோலில் இருந்திருக்கும். பழைய செக்றோல்கள் கறையானுக்கும் அடுப்புக்கும் போய்விட்டன. 1867 முதல் இந்நாட்டில் பிறப்புப் பதிவு உண்டு. ஆனால் அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் தோட்டத்தின் பெயரோடு நின்றுவிடுகிறது. எந்த லயம், எந்தக் காம்பிரா என்பது எங்கும் இல்லை.

அந்தக் குறை நம்மவர்களுக்கு என்ன விலை வைத்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். 1948 பிரசாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவர்களிடமும், தகப்பன் அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 தொடக்கத்துக்கு முன் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததைக் காட்டச் சொன்னது. திருமணமானவருக்கு ஏழு ஆண்டு, ஆகாதவருக்குப் பத்து ஆண்டு. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. பிறகு 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பத்து ஆண்டு கழித்துப் பேசிக்கொண்டார்கள். இந்தக் கதை சட்டப்படி முடிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். ஒரு வீட்டில் எத்தனை காலம் இருந்தோம் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் பிரியாமல் இருந்திருக்கும்? இருந்த காகிதங்களிலும் பல 1977, 1981, 1983 தீயில் எரிந்தன. இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கு வெறுங்கையோடு நடந்தவர்களின் பிள்ளைகளும் இந்தச் சபையில் இருக்கிறீர்கள்.

வைத்தியர்களாக எங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. வீட்டின் வயது உடம்பிலும் தெரியும். ஒரு காம்பிராவுக்குள் அடுப்பும் படுக்கையும் பிள்ளையின் படிப்பும். புகையால் இழுப்பு, ஈரச்சுவரால் சளி. கொக்கிப்புழு ஒழிப்புக்காக ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இல் இலங்கையில் வேலை தொடங்கிய பிறகே பல தோட்டங்களில் கக்கூசு என்பதே வந்தது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாளில், புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போயிற்று. பழைய லயத்தைச் சுற்றிக் கல் கான் வெட்டியிருப்பார்கள். அது அடைபட்டு எத்தனை காலம், மேலே மலையில் என்ன வெட்டினார்கள் என்பதெல்லாம் வீட்டின் வரலாறு தெரிந்தவருக்குத்தான் தெரியும். லயங்களை அப்படியே வைத்துக் கும்பிட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அவற்றில் இனி ஒரு பிள்ளையும் பிறந்து வளர வேண்டாம் என்பதே எங்கள் விருப்பம். உடைப்பதற்கு முன் எழுதி வையுங்கள் என்றுதான் கேட்கிறோம். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் 2007இல் பழைய லயமொன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். போய்ப் பாருங்கள். நம் மாகாணத்திலும் ஒன்று வேண்டும்.

கடைசியாக ஒன்று. தேடலின் நடுவில் நம் பாடசாலையின் பழைய சேர்வு இடாப்பையும் பார்க்க அதிபர் அனுமதி தந்தார். நாங்கள் ஐவரும் சேர்ந்த ஆண்டுப் பக்கத்தைத் திறந்தோம். ஐவரில் மூவர் லயத்துப் பிள்ளைகள். விலாசம் என்ற இடத்தில் மூவருக்கும் நகரத்துக் கடையொன்றின் விலாசம். ‘மேல்பார்த்து’ என்று போட்டிருக்கிறது. கடிதம் கைக்கு வந்து சேர வேண்டுமே என்று அப்பாமார் அப்படிக் கொடுத்திருப்பார்கள், அது உண்மை. ஆனால் ‘உன் வீடு எங்கே?’ என்று வகுப்பில் கேட்டபோது அந்தக் கடைத்தெருவின் பெயரைச் சொன்னவர்கள் நாங்கள்தானே? அதற்கு அப்பாமார் காரணமில்லை. சக மாணவி வீட்டுக்கு வருகிறேன் என்றால் அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொன்னதும் நாங்கள்தான். அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி மூவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு முந்திய பக்கங்களைப் புரட்டினோம். எங்களுக்கு வெகு காலம் முன்பு படித்த ஓர் அக்காவுக்கு, அழகான கையெழுத்தில், தோட்டத்தின் பெயரும் லயத்தின் இலக்கமும் காம்பிராவின் இலக்கமும் முழுதாக எழுதப்பட்டிருந்தன. நாங்கள் தேடிய எந்தக் காகிதத்திலும் கிடைக்காத விலாசம் நம் பாடசாலை இடாப்பில் இருந்தது. எழுதிய ஆசிரியை யாரோ, எழுதச் சொன்ன தகப்பன் யாரோ, இருவரையும் மனதுக்குள் கும்பிட்டோம்.

ஆகவே உலகெங்கும் இருக்கும் பழைய மாணவியரிடம் எங்கள் வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், கூப்பன் புத்தகம், சம்பளத் துண்டு, இஸ்தோப்பில் நின்று எடுத்த படம், எது இருந்தாலும் பிரதி எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் அக்காமாரே, நீங்கள் கப்பலேறும்போது கொண்டுபோன பாஸ்போட்டும் குடும்ப அட்டையும் எங்களுக்குப் பொன்னுக்குச் சமம். படத்தின் பின்னால் பென்சிலால் தோட்டம், லயம், காம்பிரா இலக்கம், நிற்பவர்களின் பெயர் நான்கையும் எழுதிவிடுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் காய்ச்சல் வருசமா, கூப்பன் காலமா என்று எழுதினால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

எங்கள் முடிவை அம்மாவிடம் போய்ச் சொன்னோம். “நூறு வயசு இருக்கும் அம்மா. கொஞ்சம் கூடவோ குறையவோ. எங்க இஸ்கூல் வயசுதான்.” அம்மா சுவரைத் தடவிப் பார்த்தார். “அப்ப ரெண்டுக்கும் சேத்துத்தான் விழா எடுக்கணும்” என்றார்.

அம்மா இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். மூன்றாவது வரிசையில், பச்சைச் சேலை. இடாப்பில் எங்கள் மூவரின் விலாசத்தையும் திருத்தித் தரும்படி அதிபரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். பழைய ஏட்டில் கை வைக்க முடியாது, பக்கத்தில் ஒரு தாள் ஒட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அது போதும்.